வெடிக்காரர் வீட்டு அடுப்பு

ஆலத்தியூர்ப் பக்கம் போய் வெடிக்காரர் வீடு எதுன்னு கேட்டா, அப்பல்லாம் சின்னப் புள்ளகூட கை காட்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல பாறைக்கு மருந்து வச்சு வெடிக்கிறவரு கொளஞ்சியப்பன். ஆளு ஒண்ணும் பயில்வான் இல்ல. ஒல்லி உடம்பு, லேசா வளைஞ்ச முதுகு, எந்நேரமும் கல்லுமாவு படிஞ்சு நரைச்ச மாதிரி இருக்கிற புருவம். அவரு பட்டனை அமுக்கினா மலை மாதிரி நிக்கிற பாறை சரிஞ்சு தரையில கிடக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் வீட்டு அடுப்படியில இருந்த ஒத்தை சிவப்பு சிலிண்டருக்குப் பயந்து நடுங்கினாருன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும்.

கேஸ் வந்தது தொண்ணூத்தெட்டுல. சாந்தா ரொம்ப நாளா நச்சரிச்சு வாங்க வச்சா. சாந்தா அவரு சம்சாரம். அந்த வூட்டுல அவங்க ரெண்டே பேருதான், புள்ளை குட்டி கிடையாது. கோயில் கோயிலா ஏறி இறங்கிப் பாத்து, அப்புறம் அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டாங்க. சிலிண்டர் வந்து இறங்கின அன்னைக்கு சாந்தா அதுக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வச்சு, பூவும் சுத்தினா. சூடத்தைப் பொருத்தப் போனவளைத்தான் கொளஞ்சியப்பன் ஓடிவந்து கையப் புடிச்சாரு.

"அடியேய், மருந்துப் பக்கத்துல சூடம் காட்டறியா? வூடு இருக்கணுமா வேணாமா?"

சாந்தாவுக்குச் சிரிப்புத் தாங்கல. "பாறையையே பேத்து எடுக்கிற ஆளு, பால் காய்ச்சற அடுப்புக்குப் போய் இப்படிப் பயப்படறீங்களே. வெளியில சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

"பாறையில நான் வைக்கிற மருந்து எம்புட்டு, எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இது கண்ணுக்கே தெரியாத மருந்து. எந்த மூலையில போய் உக்காந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அன்னைக்கே சுரங்கத்துச் சட்டத்தை வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டாரு. சுரங்கத்துல என்ன வழக்கம்னா, மருந்து வச்சு ஒயர் மாட்டின பிறகு சங்கு ஊதும். நாலு பக்கமும் சிவப்புக் கொடி புடிச்ச ஆளுங்க நிப்பாங்க. வெடிக்காரரு அடிவயித்துல இருந்து "அடிக்கப் போறேன்!"னு கத்துவாரு. ஒவ்வொரு கொடிக்காரனும் "அடி!"ன்னு பதில் குடுக்கணும். ஒருத்தன் பதில் வரலைன்னாலும் பட்டன்ல கை போகக் கூடாது. பக்கத்துல மேனேஜரே நின்னு வாட்சைப் பாத்தாலும் சரி, போகக் கூடாது. ஒருவாட்டி ஒரு கொடிக்காரன் வெத்தலை போட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னுட்டான். பதில் வரலையேன்னு நின்ன நேரத்துல, பள்ளத்துக்குள்ள விறகு பொறுக்கிக்கிட்டு இருந்த ஒரு பொம்பளை எந்திரிச்சு வந்துச்சு. அதுல இருந்து கொளஞ்சியப்பனுக்கு அந்தப் பதில்தான் சாமி.

வூட்டுலயும் அதே கதைதான். சாந்தா தீக்குச்சியக் கையில எடுத்ததும் "பத்த வைக்கறேன்"னு சத்தமாச் சொல்லணும். இவரு எங்க இருந்தாலும் "வை"ன்னு சொல்லணும். முதல்ல குச்சி, அப்புறம்தான் அடுப்புத் திருகு. சமைச்சு முடிச்சதும் திருகை மூடி, கீழ குனிஞ்சு ரெகுலேட்டரையும் மூடிட்டு "மூடிட்டேன்"னு சொல்லணும். இவரு "ம்"ன்னு சொல்லணும். அது வர்ற வரைக்கும் அடுப்படிய விட்டு நகரக் கூடாது. சாந்தா தலையில அடிச்சுக்கிட்டா. "ஊரு உலகத்துல எவளாவது காப்பி போட உத்தரவு கேப்பாளா? எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு." இப்படி முணுமுணுத்துக்கிட்டே சொல்லத் தொடங்கினா. கொஞ்ச நாள்ல அது மூச்சு விடற மாதிரி ஆகிப்போச்சு. புருஷன் பொண்டாட்டின்னா சண்டை இருக்கும்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பேசாம இருந்த நாளுங்க உண்டு. அப்பவும் "பத்த வைக்கறேன்", "வை", "மூடிட்டேன்", "ம்" மட்டும் நிக்கல. பாதிச் சண்டை அந்த "ம்"லயே தீந்து போயிருக்கு.

இப்படிப் போய்க்கிட்டு இருந்த வாழ்க்கையில, மெட்ராஸ்ல தாம்பரத்துல இருந்த சாந்தாவோட அக்கா பாப்பாயிக்கு ஒரு பக்கம் கை காலு விழுந்துடுச்சு. பாப்பாயி புருஷனை இழந்தவ, வாரிசும் இல்ல. தாயில்லாம போன சாந்தாவை இடுப்புல தூக்கி வளத்தவ அவதான். சேதி வந்த அன்னைக்கே சாந்தா பையில நாலு சேலையத் திணிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. பெரம்பலூர் வரைக்கும் இவரும் கூடப் போய் மெட்ராஸ் பஸ் ஏத்தி விட்டாரு. பஸ்ஸு உறுமிக்கிட்டு நிக்குது, அவ ஜன்னல் வழியா அடுப்புப் பாடம் நடத்தறா.

"திருகை மூடினா மட்டும் பத்தாது, ரெகுலேட்டரையும் மூடணும். அடுப்பை வச்சுட்டு எங்கயும் போகக் கூடாது. வாடை வந்தா லைட்டு சுவிட்சத் தொடாதீங்க, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலத் தொறந்து விட்டுட்டு வெளிய வந்துடணும். கேக்குதா?"

"கேக்குது."

"ம்னு சொல்லுங்க."

"ம்."

ஒரு மாசத்துல வந்துடறேன்னு போனவ. மாசம் ஒண்ணு ஆச்சு, ரெண்டு ஆச்சு, ஆடி போய் ஐப்பசியும் வந்துடுச்சு. கொளஞ்சியப்பன் அந்த அடுப்பைத் தொடவே இல்ல. காலையில டீக்கடை, மத்தியானம் சிமெண்ட் ஆலைக் கேண்டீன், ராத்திரிக்கு மெஸ்ஸுல ரெண்டு பரோட்டா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெரியசாமியோட எஸ்.டி.டி. பூத்துக்கு அக்கா வூட்டுல இருந்து சாந்தா போன் போடுவா. "சமைக்கிறீங்களா?"ன்னு கேட்டா, "ஏன், எனக்கென்ன கை இல்லையா? இன்னைக்குக்கூட வெண்டைக்காப் புளிக்குழம்பு"ன்னு கூசாம அடிச்சு விடுவாரு. பக்கத்துல உக்காந்திருக்கிற பெரியசாமி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். அவன்தான் தெனம் மெஸ்ஸுல இவரைப் பாக்கிறவன் ஆச்சே.

பகல்ல ஒண்ணும் தெரியாது. சுரங்கத்துல சங்குச் சத்தமும் லாரிச் சத்தமும் ஆளுக கூப்பாடும் இருக்கும். வேலை முடிஞ்சு வூட்டுப் பூட்டைத் தொறக்கும்போதுதான் நெஞ்சு கனக்கும். உள்ள நுழைஞ்சா, காலையில வச்ச சொம்பு வச்ச இடத்துலயே இருக்கும். சாந்தா இருந்தா அது நாலு இடம் மாறியிருக்கும். யாரும் தொடாத சொம்பைப் பாக்கிறப்ப அவருக்கு அழுகை அழுகையா வரும். வயசான ஆம்பளை எதுக்கு அழுவணும்னு துண்டால மொகத்தைத் துடைச்சுக்கிட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிடுவாரு.

மெஸ்ஸுச் சாப்பாடு எத்தனை நாளைக்கு ஒத்துக்கும்? ஒரு வெள்ளிக்கிழமை வயித்தைப் புரட்டி எடுத்துடுச்சு. வேலைக்கும் போகல. பொழுது சாயற நேரத்துல, கொஞ்சம் நொய்க்கஞ்சி குடிச்சாத் தேவலைன்னு இருந்துச்சு. வேற வழியில்லாம, இருந்த பயத்துல குரல் குடுக்கக்கூட மறந்து, சாமியக் கும்பிட்டுக்கிட்டு ரெகுலேட்டரைத் தொறந்து, குச்சியப் பத்த வச்சு, திருகைத் திருப்பினாரு. நீலமா தீ வந்துச்சு. அடடே, இம்புட்டுத்தானான்னு அவருக்கே ஆச்சரியம். கஞ்சிப் பானைய ஏத்தி வச்சு, கொதிக்கட்டும்னு முன்ன வந்து படுத்தாரு. படுத்த உடனே வயிறு கடமுடான்னுச்சு. சொம்பை எடுத்துக்கிட்டுக் கொல்லைப் பக்கம் ஓட வேண்டியதாப் போச்சு.

திரும்பி வர்றதுக்குள்ள நல்லா இருட்டிப் போச்சு. கரண்டு வேற இல்ல. உள்ள காலை வச்சதும் குப்புன்னு ஒரு நாத்தம். அட கருமமே, எலி செத்துப் போச்சு போலன்னு நெனச்சாரு. நெனைக்க நியாயம் இருக்கு. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் அரிசி மூட்டைக்குப் பின்னாடி எலி மருந்து வச்சிருந்தாரு. கேஸா இருக்குமோன்னு தோணலையான்னு கேப்பீங்க. தோணல. அடுப்படிய எட்டிப் பாத்தாரு, தீ இல்ல. தீ இல்லைன்னா அடுப்பை அணைச்சுட்டுத்தான் போயிருக்கோம்னு அவரா முடிவு கட்டிட்டாரு. ஆயுசு முழுக்க விறகடுப்பைப் பாத்த மனுஷன். விறகடுப்புல நெருப்பு இல்லைன்னா அடுப்பு அணைஞ்சுதுன்னு அர்த்தம். கேஸ்ல நெருப்பு இல்லைன்னா ஒண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

நாத்தம் அடிச்சா நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? சாம்பிராணி போடுவாங்க. அதுலயும் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். சாந்தா இருந்தா இந்நேரம் வூடு பூரா புகை மணத்துக்கிட்டு இருக்கும். மேடைக்குக் கீழ, சிலிண்டருக்குப் பக்கத்துலதான் சாம்பிராணிக் கரண்டி கிடக்கும். கொளஞ்சியப்பன் இருட்டுலயே தடவி எடுத்தாரு. கொட்டாங்குச்சிக் கரியப் போட்டாரு, மேல சூடத்தை வச்சாரு. அங்கயே தரையில குத்த வச்சு உக்காந்தாரு. தீப்பெட்டியத் தொறந்து குச்சிய எடுத்து, பெட்டியோட மருந்துப் பக்கம் வச்சு அழுத்தினாரு.

அழுத்தினவரு, சுரங்கத்துப் பழக்கதோஷத்துல வாயத் தொறந்து கத்திட்டாரு.

"பத்த வைக்கறேன்!"

கத்திட்டு நின்னாரு. ஆமா, பதிலுக்காக நின்னாரு. இத்தனை வருஷமா பதில் வராம பட்டனை அமுக்காத கை. குச்சி பெட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கு, கை நகர மாட்டேங்குது. யாரு பதில் சொல்லுவா? முன்னறையில ஒரு ஆளு இல்ல. கொல்லையில ஒரு ஆளு இல்ல. அந்த வூடு எம்புட்டு வெறுமையாக் கிடக்குதுன்னு அப்பத்தான் முழுசா உறைச்சுது அவருக்கு. காதைக் குடுத்துக் கேக்கிறாரு, கேக்கிறாரு. சாந்தா குரல் வரல. தலைக்கு மேல இருந்து மெல்லிசா ஒரு "ஸ்ஸ்ஸ்" மட்டும் வந்துச்சு.

குலை நடுங்கிப் போச்சு மனுஷனுக்கு. குச்சியையும் பெட்டியையும் மடியில சொருகிக்கிட்டு எந்திரிச்சுக் கையால தடவுறாரு. அடுப்பு மேல எல்லாம் கொழகொழன்னு கஞ்சி. பொங்கி வழிஞ்சு தீய அணைச்சுட்டு, திருகு தொறந்தது தொறந்தபடி இருக்கு. திருகை மூடி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலையும் கொல்லைக் கதவையும் விரியத் தொறந்து விட்டுட்டு வெளிய ஓடினாரு. கரண்டு இருந்திருந்தா உள்ள நுழைஞ்சதும் சுவிட்சைத்தான் தட்டியிருப்பாரு. முருங்கை மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

பக்கத்து வூட்டு மலர்க்கொடி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்துட்டா. "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மலரு. செத்த நேரத்துக்கு நீ அடுப்பைப் பத்த வைக்காத. எங்க வூட்டுல கேஸு விட்டுக்கிச்சு."

அவ நெஞ்சுல கைய வச்சுக்கிட்டா. நடந்ததைக் கேட்டுட்டு வாய்க்கு வந்தபடி திட்டினா. அப்புறம் மெதுவாச் சொன்னா: "அக்காவை வரச் சொல்லுங்கண்ணே. இந்த ஒரு சேதியச் சொல்லுங்க போதும். அடுத்த பஸ்ஸுலயே வந்து நிக்கும்."

அந்த வார்த்தை கொளஞ்சியப்பன் மனசுல ஒட்டிக்கிச்சு. நெசம்தானே? இதுவரைக்கும் வான்னு கூப்பிட அவருகிட்ட காரணமே இல்லாம இருந்துச்சு. தனியா இருக்க முடியல, நீ வந்துடுன்னு ஒரு ஆம்பளை எப்படிச் சொல்லுவான்? இப்பக் கையில காரணம் கிடைச்சிருக்கு. அதுவும் பொய் இல்ல. சனிக்கிழமை முழுக்கச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. 'சாந்தா, பயப்படாத, எனக்கு ஒண்ணும் ஆகல, ஆனா...' அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் அவ என்ன சொல்லுவான்னு நெனச்சதுமே மொகம் மலர்ந்து போச்சு. கடைக்குப் போய் அவளுக்குப் புடிச்ச காராபூந்திகூட வாங்கி டப்பாவுல போட்டு வச்சாரு.

ஞாயித்துக்கிழமை பூத்துல முதல் ஆளாப் போய் பெஞ்சுல உக்காந்துட்டாரு. போன் அடிச்சதும் பெரியசாமி எடுக்கிறதுக்கு முன்னாடி இவரே பாஞ்சு எடுத்தாரு.

"ஏங்க, நல்லா இருக்கீங்களா?" சாந்தா குரல் களைச்சுப் போயிருந்துச்சு. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அக்காவுக்கு இனிமே முன்ன மாதிரி நடக்க வராதாம். அங்க கூட்டிட்டு வரலாம்னா, ஆஸ்பத்திரிய விட்டுத் தூரம் போகக் கூடாதாம். பக்கத்துல யாரோ நடத்தற முதியோர் ஆசிரமம் ஒண்ணு இருக்கு, அங்க கொண்டு போய் விட்டுடுங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க? நீங்க வான்னு சொன்னா நான் விட்டுட்டு வந்துடறேன். நீங்களும் எத்தனை நாளு தனியாக் கிடப்பீங்க?"

தேடிப்போன பழம் தானா வந்து மடியில விழுது. கொளஞ்சியப்பன் தொண்டையச் சரி பண்ணிக்கிட்டாரு.

"சாந்தா, வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு தெரியுமா..."

அப்ப அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. வாய் கோணிப்போய், நாக்குப் புரளாம, இழுத்து இழுத்து ஒரு குரல். "ச்சா... ந்தா..." 

"இதோ இருக்கேன்க்கா"ன்னு சாந்தா போனை வாயில இருந்து நகத்திக்கிட்டுப் பதில் சொன்னா. அந்தக் குரல் அத்தோட அடங்கிடுச்சு. வேற ஒண்ணும் வேணாம்போல அதுக்கு. கூப்பிட்டா, பதில் வந்துச்சு, அவ்வளவுதான்.

கொளஞ்சியப்பனுக்கு வெள்ளிக்கிழமை இருட்டு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கூப்பிட்டுட்டுக் காதைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தாரே, அந்த நேரம். அவருக்காவது எந்திரிச்சு வெளிய ஓடக் காலு இருந்துச்சு. பாப்பாயிக்கு அதுவும் இல்ல. முன்னப் பின்ன தெரியாத இடத்துல கிடந்துக்கிட்டு அவ "சாந்தா"ன்னு கூப்பிட்டா, யாரு பதில் சொல்லுவாங்க?

"என்னங்க, வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?" சாந்தா பதறினா.

"ஒண்ணும் ஆகல. நொய்க்கஞ்சி வச்சேன். பிரமாதமா வந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"கேஸ்லயா?"

"பின்ன? நான் நல்லாப் பழகிட்டேன் சாந்தா. நீ அக்காவ எங்கயும் விட வேணாம். அங்கயே இருந்து பாத்துக்க."

சாந்தா குரல் சட்டுன்னு இறங்கிடுச்சு.

"அப்ப நான் வர வேணாமா?"

அவ கேட்ட விதத்துல அவருக்குப் புரிஞ்சு போச்சு. அவளும் இந்த அழைப்புக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கா. வான்னு ஒரு எழுத்து. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினாரு.

"இப்போதைக்கு வேணாம்."

"சரி"ன்னா. மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. உடனே வழக்கமான சாந்தாவா மாறிக்கிட்டா. "பத்த வைக்கிறப்ப குரல் குடுக்கிறீங்களா? உங்க சட்டமாச்சே."

"குடுக்கிறேன்."

"யாரு பதில் சொல்றா?"

"அது... நானே சொல்லிக்கறேன்."

சாந்தா சிரிச்சா. சிரிப்பு பாதியிலேயே நின்னு போச்சு. அக்கா திரும்பக் கூப்பிடுதுன்னுட்டு வச்சுட்டா. பெரியசாமி அன்னைக்குச் சிரிக்கல. "வூட்டுக்குப் போங்கண்ணே, மழை வர மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொன்னான்.

பொய் சொன்னா அதை நெசமாக்கணும்ங்கற கௌரவம் இருந்த மனுஷன் கொளஞ்சியப்பன். மெஸ்ஸுப் பக்கம் திரும்பாம நேரா வூட்டுக்கு வந்தாரு. ஜன்னலைத் தொறந்தாரு. மூக்கை உறிஞ்சிப் பாத்தாரு, ஒரு வாடையும் இல்ல. ரெகுலேட்டரைத் தொறந்து தீக்குச்சியக் கையில எடுத்தாரு.

"பத்த வைக்கறேன்."

கொஞ்சம் நின்னுட்டு, "வை"ன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. முதல்ல குச்சி, அப்புறம் திருகு. உலை வச்சுட்டு அந்த இடத்தை விட்டு நகரல. பொங்கி வரும்போது தீயக் குறைச்சாரு. சோறு வெந்துச்சு, கொஞ்சம் குழைஞ்சு போச்சு, பரவாயில்ல. திருகை மூடினாரு. குனிஞ்சு ரெகுலேட்டரையும் மூடினாரு.

"மூடிட்டேன்."

இதுக்கும் அவரே பதில் சொல்லிக்கலாம்னுதான் வாயத் தொறந்தாரு. இத்தனை வருஷமா அவரு சொன்ன "ம்"தான். அது இப்ப வர மாட்டேங்குது. பதில் வராம நகரக் கூடாதுங்கறது அவரு போட்ட சட்டம். ரெகுலேட்டர் மேல வச்ச கைய எடுக்காம அவரு அங்கயே குனிஞ்சபடி நின்னுக்கிட்டு இருந்தாரு. மேடை மேல சோறு ஆறிக்கிட்டு இருந்துச்சு.